நீல விளக்கு யாருக்கு? போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மோட்டார் வாகனப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், வடக்கின் போக்குவரத்துப் பொலிஸாருக்கும், தனியார் பஸ், ஹயர் வான், ஓட்டோ சங்கங்களுக்கும்,

அம்புலன்ஸ் போன்ற அவசர சேவை வாகனங்களில் மட்டும் இருக்கவேண்டிய மின்னும் நீல விளக்கு இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் காசு கொடுக்கிற எவருக்கும் கிடைக்கிறது. உதிரிப்பாகக் கடைகளில் மணி, மாலை, ஸ்டிக்கரோடு சேர்த்துத் தொங்கவிட்டு விற்கிறார்கள். தூர சேவை பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே அது மின்னுகிறது, கலியாண வீட்டுக்குப் போகிற வானின் முன் கிறில்லுக்குள் மின்னுகிறது, ஓட்டோவின் பின்பக்கத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிக்கிறது. இந்த வாகனங்கள் எல்லாம் பொலிஸார் நிற்கிற சந்திகளைத் தாண்டித்தான் தினமும் போய் வருகின்றன. ஆகவே இது யாருக்கும் தெரியாத விஷயம் என்று எவரும் சொல்ல முடியாது. தெரிந்தும் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதால்தான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

நான் கொக்குவில் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிறவன். பற்றரி, ஸ்டார்ட்டர், ஹோர்ன், விளக்கு, இவைதான் என் பிழைப்பு. என் கராச்சுக்கு வருகிற பெடியள் கேட்பது இப்படி: "அண்ணை, அம்புலன்ஸுக்கு அடிக்கிற மாதிரி ஒரு லைட் போட்டு விடுங்கோ, அப்பத்தான் சனம் விலத்தும்." நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் கோபப்படுவதும் இல்லை, வேறு இடத்தில் போட்டுக்கொண்டு அடுத்த கிழமை வேறு ஏதோ வேலைக்கு என்னிடமே வருவார்கள், விளக்கு முன்னுக்கு மின்னிக்கொண்டிருக்கும். வடிவுக்காகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதிகமானோர் கேட்பது சனத்தை விலத்துவதற்குத்தான். நீல விளக்கைக் கண்டவுடன் சனம் காலை பிரேக்கில் வைத்து ஓரத்துக்குப் போவது யாரோ ஒருவரின் உயிர் அந்த வண்டிக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசு கொடுத்து வாங்கிச் செலவழிக்கிறார்கள், செலவழிந்ததற்குப் பிறகு உண்மையான அம்புலன்ஸ் வரும்போது கொடுப்பதற்குச் சனத்திடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

இது கற்பனைப் பயம் இல்லை. என் மாமிக்கு ஒரு நாள் இரவு வேலணையில் வீட்டில் வைத்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணிப் போனது. இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தோம், அம்புலன்ஸ் வந்தது, நானும் உள்ளுக்கு ஏறினேன். அல்லைப்பிட்டி தாண்டி வரும்போது ஒரு ஹயர் வான் முன்னுக்கு வந்து சேர்ந்தது, அதிலும் நீல விளக்கு. அந்த வான் எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனது, எதிரில் வந்த சனமும் முன்னால் போன சனமும் அதைத்தான் அம்புலன்ஸ் என்று நினைத்து ஓரம் போனார்கள், வான் தாண்டியதும் "சும்மா ஹயர் வான்" என்று கண்டு திரும்ப றோட்டுக்கு ஏறினார்கள், சரியாக எங்களுக்கு முன்னால். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க இடமில்லை. சாரதி சைரனை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தார். "இப்ப சனம் லைட்டைப் பார்த்து விலத்திறேல்லை அண்ணை, சைரன் கேட்டாத்தான், அதுவும் யோசிச்சுத்தான்" என்றார். மாமி உயிரோடு இருக்கிறா, ஒரு கை இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. அந்த வானால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லமாட்டேன், அதை யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் மூளையில் இரத்தக்கட்டி அடைத்தவருக்குக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஏற்ற நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளையில் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும் என்று வைத்தியர்கள் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நெடுந்தீவில் ஒருவருக்கு இப்படி நடந்தால் முதலில் படகு, குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை என்று அந்த நீண்ட ஒடுங்கிய பாதை, பிறகு பண்ணை, பிறகு பஸ் நிலையத்தை ஒட்டி எப்போதும் நெரிகிற ஆஸ்பத்திரி வீதி. கடல் எடுத்த நேரத்தை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. றோட்டில் போகிற நேரத்தையாவது மிச்சம் பிடிக்கலாம்.

1990 சேவை வடக்குக்கு வந்தது 2018 யூலையில். அதற்கு முன்னர் எங்கள் கிராமங்களில் ஓட்டோவிலும், கடன் கேட்ட வானிலும், சில இடங்களில் உழவு இயந்திரப் பெட்டியிலும் நோயாளிகளைக் கொண்டுபோன காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இலவசமாக, கூப்பிட்டவுடன் வருகிற ஒரு வண்டி கிடைத்திருக்கிறது. அந்த வண்டியின் விளக்குக்குரிய மரியாதையைக் காப்பாற்ற ஒரு சதமும் செலவாகாது, மற்றவர்களின் வாகனத்திலிருந்து அதைக் கழற்றினால் போதும்.

ஏன் நீலம் என்று சிலர் கேட்பார்கள், "நிறத்தில் என்ன இருக்கிறது, மின்னினால் சரிதானே" என்று. நிறைய இருக்கிறது. இருட்டில் பார்ப்பதற்கென்று எங்கள் கண்ணில் இருக்கிற கோல் கலங்கள் நீலப்பச்சை ஒளிக்குத்தான் கூடுதலாகத் துலங்கும், கடும் சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரிவதே இல்லை. அதனால் இரவில் தூரத்திலிருந்து கண் முதலில் பிடிப்பது நீலத்தை. தீவகத்துப் பாதை மாதிரி வெட்டவெளியில் நீல ஒளி எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதை அந்தப் பக்கம் இரவில் ஓடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே காரணத்தால் தேவையில்லாதவன் பூட்டிய நீலம் எதிரில் வருபவரின் கண்ணையும் மற்ற எந்த நிறத்தையும் விட மோசமாகக் கூசவைக்கும். மின்னுகிற வேகத்துக்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண சிக்னல் லைட் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னவேண்டும் என்பது உலகம் முழுக்க வாகனம் செய்பவர்கள் பின்பற்றுகிற அளவு. அவசர வாகனங்களின் எச்சரிக்கை விளக்குக்கு ஐக்கிய நாடுகளின் 65 ஆம் இலக்க ஒழுங்குவிதி நொடிக்கு 2 முதல் 4 தடவை என்று வரையறை வைத்திருக்கிறது. எங்கள் கடைகளில் விற்கிற மலிவுச் சாமானுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை, சிலது நடுங்குகிற மாதிரி அடிக்கும், பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாகனம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றே பிடிபடாது. மின்னுகிற ஒளியால் வலிப்பு வருகிறவர்களின் நிலைமையையும் யோசியுங்கள்.

நிறம் திசையையும் சொல்லும். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு என்பது சும்மா வந்த வழக்கம் இல்லை. 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே முன்பக்கம் சிவப்பு ஒளி தெரியக்கூடாது, ரிவேர்ஸ் விளக்கைத் தவிரப் பின்பக்கம் வெள்ளை ஒளி தெரியக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்பைக் கண்டால் அந்த வாகனம் எனக்கு முன்னால் போகிறது, வெள்ளையைக் கண்டால் என்னை நோக்கி வருகிறது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் போகிற ஒருவர் உயிரை அதை நம்பித்தான் ஓடுகிறார். எங்கள் கண்டி வீதியில் முன்பக்கம் சிவப்புப் பட்டி எரிகிற பஸ்ஸும், பின்பக்கம் கண்ணைக் குத்துகிற வெள்ளை விளக்குப் பூட்டிய டிப்பரும் ஓடுகின்றன.

இன்னொரு பழக்கம், இதற்கு எந்தக் கடைச் சாமானும் தேவையில்லை. சந்தியில் நேரே போவதற்கு நாலு சிக்னலையும் சேர்த்துப் போடுவது. பக்கத்து ஒழுங்கையில் நிற்பவருக்கு உங்கள் வாகனத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கம் மின்னினால் நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்து அவர் வெளியே எடுப்பார். அந்த நாலு விளக்கும் பழுதாகி நிற்கிற வாகனத்துக்கு உரியவை. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளே இதைத் திருத்திக் கற்பிக்கலாம்.

சரி, இவ்வளவும் தேவையில்லாமல் எரிகிற விளக்கைப் பற்றி. எனக்கு இதைவிடக் கூடக் கோபம் வருவது எரியவேண்டிய இடத்தில் எரியாத விளக்கைப் பார்த்துத்தான். தென்மராட்சியில் நெல் அறுவடை தொடங்கினால், மிருசுவிலுக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். உழவு இயந்திரம், அதன் பின்னால் நெல் மூட்டை ஏற்றிய பெட்டி, பெட்டியின் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு விளக்கு இல்லை, ஒரு ரிஃப்ளெக்டர் இல்லை. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் என்றால் முன்னுக்கும் சில வேளை இல்லை. நெல் வெட்டுகிற வெட்டு மெஷின் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு நடு இரவில் போகும்போது பாதி றோட்டை அடைத்துக்கொண்டு போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது இப்படி ஒரு பெட்டியின் பின்னால் போய் அடிபட்டான், எதிரில் வந்த வாகனத்தின் எல்.ஈ.டி. வெளிச்சம் கண்ணை மறைத்தது, வெளிச்சம் கடந்ததும் பெட்டி முன்னுக்கு நின்றது. கால் முறிந்து, தகடு வைத்து, ஒரு வருடத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியவில்லை. அவன் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. உழவு இயந்திரக்காரர் அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார், அவரும் பாவம், அவருக்குப் பெட்டிக்கு வயர் இழுக்கவேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை, கேட்டதும் இல்லை.

அந்த எல்.ஈ.டி. பற்றி என் தொழில் தெரிந்த அளவில் ஒன்று சொல்லவேண்டும். பழைய ஹலோஜன் பல்புக்கென்று செய்த ஹெட் லைட்டுக்குள் மலிவு எல்.ஈ.டி. பல்பைச் செருகுகிறார்கள். எச்4 என்கிற அந்த ஹலோஜன் பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், அதுதான் ஒளியை மேலே போகாமல் வெட்டுவது, எதிரில் வருபவரின் கண்ணைக் காப்பது. மலிவுச் சாமானில் ஒளி வருகிற இடமும் அந்த மறைப்பும் சரியான இடத்தில் இல்லாவிட்டால், டிம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எதிராளியின் கண்ணுக்கு ஒன்றுதான்.

ஆக எங்கள் றோட்டில் அவசரமில்லாதவனுக்கு அவசர விளக்கு, ஆபத்தான வண்டிக்கு விளக்கே இல்லை. இரண்டையும் நான் ஒரே குற்றமாகத்தான் பார்க்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கவனக்குறைவிலிருந்து வருகிறது: எந்த வாகனம் என்ன ஒளியைக் காட்டவேண்டும் என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றைக்கும் எங்களை ஆளுகிறது. அதை எழுதிய காலத்தில் ஒரு விளக்குப் பூட்டுவதென்றால் அது ஒரு வேலை, பல்பு, கண்ணாடி, சுவிட்ச், கம்பி, எல்லாம் வேண்டும். இன்றைக்கு ஒட்டுகிற பட்டியாக வருகிறது, பத்து நிமிட வேலை. வேகம் மாறிவிட்டது, கண்காணிப்பு மாறவில்லை. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்ற அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க வாகனச் சோதனை நடந்தபோது நான் உண்மையில் சந்தோஷப்பட்டேன். மேலதிக விளக்குகளையும் ஹோர்ன்களையும் கழற்றச் சொன்னார்கள், பஸ் சங்கங்கள் எதிர்த்தன, அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த நாட்களில் என் கராச்சுக்குக் கழற்றவே ஆட்கள் வந்தார்கள். பிறகு சோதனை தளர்ந்தது, கழற்றியதைப் பத்திரமாகக் கொண்டுபோனவர்கள் திரும்பப் பூட்டினார்கள். றோட்டில் நிற்கிற வாகனத்தை மட்டும் பிடித்தார்கள், விற்கிற கடையையும் கொண்டுவருகிற இறக்குமதியையும் தொடவில்லை. வாய்க்காலை அடைக்காமல் வயலில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தால் எப்போது காயும்?

வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது கஷ்டம் இல்லை, எங்கள் சனம் பாதி அங்கேதான் இருக்கிறது. பிரித்தானியாவில் 1989 ஆம் ஆண்டின் வாகன விளக்கு ஒழுங்குவிதிகள் நிறத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன: நீலம் அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் போன்ற அவசர சேவைகளுக்கு, மஞ்சள் வீதி வேலை, பழுது வாகனம் இழுப்பது, மெதுவாக அல்லது அகலமாகப் போகிற வாகனங்களுக்கு, பச்சை அவசரத்துக்கு ஓடுகிற பதிவு பெற்ற வைத்தியருக்கு. லண்டனில் சாதாரண ஆள் நீல விளக்குப் பூட்டி ஓட நினைக்கவே மாட்டார், அதே ஆள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நீலம் மின்னுகிற வானை ஹயர் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார். இந்தியாவில் அமைச்சர்களும் அதிகாரிகளும் சிவப்புச் சுழல் விளக்கோடு போகிற வழக்கத்தை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது, 2017 மே 1 முதல் மத்திய அரசு எல்லாப் பெரியவர்களின் வாகனத்திலிருந்தும் அதைக் கழற்றியது, பிரதமரின் வாகனம் உட்பட. மேலே இருப்பவர் தன்னுடையதைக் கழற்றினால் கீழே இருப்பவனுக்குச் சொல்ல வாய் வரும். எங்கள் ஊருக்கு வருகிற பிரமுகர்களின் வாகனத் தொடர்களுக்கும் இது பொருந்தும்.

பஸ் உரிமையாளர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. உங்கள் தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியும், உங்கள் வண்டிகளில்தான் என் பாதி வேலை. அலங்காரம் இல்லாவிட்டால் சனம் ஏறாது என்று சொல்கிறீர்கள். சனம் ஏறுவது நேரத்துக்கு வருகிற, இருக்கை உள்ள, நிதானமாக ஓடுகிற பஸ்ஸில். உள்ளுக்கு எத்தனை விளக்கு வேண்டுமானாலும் போடுங்கள், சாமிப் படத்தைச் சுற்றிப் போடுங்கள், அது யாரையும் ஏமாற்றாது. முன்கண்ணாடிக்கு வெளியே மின்னுகிற நீலத்தைத்தான் கழற்றச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களை ஏற்றிய அம்புலன்சுக்கு முன்னால் போவதும் ஒரு நாள் உங்கள் பஸ்ஸாக இருக்கலாம்.

இனி, நான் கேட்பவை.

எந்த வாகனத்துக்கு எந்த நிறம், எங்கே, எத்தனை தடவை மின்னலாம் என்பதை மயக்கமில்லாமல் வரையறுத்து வர்த்தமானியில் போடுங்கள். மின்னும் நீலம் அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ், இந்த மூன்றுக்கும் மட்டும் இருக்கட்டும். மின்சார சபை, வீதி வேலை, குப்பை அள்ளுகிற உழவு இயந்திரம், வெட்டு மெஷின் எல்லாவற்றுக்கும் மஞ்சளைக் கட்டாயமாக்குங்கள். வேறு எவருக்கும் மின்னுகிற விளக்கு வேண்டாம், பதவியைப் பார்த்து விலக்கும் வேண்டாம்.

விற்பனையை நிறுத்துங்கள். அவசர சேவையின் கடிதம் இல்லாமல் நீல எச்சரிக்கை விளக்கை இறக்குமதி செய்யவும் விற்கவும் கூடாது என்று ஒரு விதி வந்தால், என் மாதிரி வயரிங்காரர்கள் வாடிக்கையாளரோடு தர்க்கப்படத் தேவையில்லை. பூட்டிக் கொடுக்கிற கராச்சையும் பொறுப்பாக்குங்கள், என்னையும் சேர்த்து.

பஸ்ஸுக்கும் லொறிக்கும் வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் பார்க்கிறீர்கள், அந்தப் படிவத்தில் மேலதிக விளக்குகளுக்கென்று ஒரு கட்டம் சேருங்கள். வழித்தட அனுமதி கொடுக்கிற மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவும் அதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம். மற்ற வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை நடக்கிற இடத்திலேயே விளக்கையும் ஒருமுறை எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உழவு இயந்திரக்காரரைத் தண்டப் பணத்தோடு தொடங்கவேண்டாம். ஒளி தெறிக்கிற சிவப்பு ஸ்டிக்கருக்கு பற்றரியும் வேண்டாம், வயரும் வேண்டாம், பின்னால் வருகிற வாகனத்தின் வெளிச்சமே போதும். கமநல சேவை நிலையங்களில் உரத்துக்குப் பதிய வருகிற விவசாயிகளுக்கு அங்கேயே அதைக் கொடுத்து, பெட்டியின் பின்பக்கத்தில் ஒட்டியும் விடுங்கள். தை அறுவடைக்கு முன்னர் இது நடக்கவேண்டும். ஒட்டுகிற வேலைக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம், என்னோடு இன்னும் சில வயரிங்காரர்களும் வருவார்கள். அதற்கு அடுத்த போகத்திலிருந்து விளக்கில்லாமல் வருகிற பெட்டிக்குத் தண்டம் எழுதுங்கள்.

இந்த விதிகளைத் தமிழில், ஒரே பக்கத்தில், படம் போட்டு அச்சிட்டு, உதிரிப்பாகக் கடைகளிலும் கராச்சுகளிலும் வாகன வரிப் பத்திரம் எடுக்கிற பிரதேச செயலகங்களிலும் ஒட்டுங்கள். அம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, பாலத்தில் என்ன செய்வது, சந்தியில் சிவப்பில் நிற்கும்போது என்ன செய்வது என்பதையும் அதில் எழுதுங்கள், சனத்துக்கு உண்மையில் தெரியாது.

கடைசியாக, அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, யார் எந்த வேலையை எந்தத் திகதிக்குள் செய்வார் என்று எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வாகன வயரிங்காரன் ஒருவன்,
கொக்குவில்